வேன் ஹீட் மீட்டர் ஊசி ஏறவே இல்லையா? கல்வராயன்மலை ஏறும் முன் இதைக் கவனிங்க!

டேஷ்போர்டில் ஹீட் மீட்டர் ஊசி மேலே ஏறினால் எந்த டிரைவரும் பதறிப்போய் வண்டியை ஓரங்கட்டிவிடுவார். அதே ஊசி அடியிலேயே கிடந்தால்? "வண்டி கூலாத்தானே ஓடுது, நல்லதுதானே" என்று யாரும் கண்டுகொள்வதில்லை. கள்ளக்குறிச்சியில் இருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாக வெள்ளிமலைக்கு ஏறும் வேன்களுக்கு இந்த அலட்சியம் பெரிய செலவில் கொண்டுபோய் விடலாம். சில நேரம் இன்ஜினே போய்விடும்.

ஊசி கீழே கிடப்பதற்கு இரண்டே அர்த்தம்தான். ஒன்று, இன்ஜின் நிஜமாகவே சூடாகவில்லை. இல்லையென்றால், இன்ஜின் சூடாக இருக்கிறது, மீட்டர் பொய் சொல்கிறது. முதலாவது டீசலைக் குடிக்கும். இரண்டாவதைக் கவனிக்காமல் விட்டால் கேஸ்கெட் போகும், ஹெட் வளையும்.

இன்ஜினுக்கு எவ்வளவு சூடு வேணும்?

பொதுவாக ஒரு டீசல் வேனின் இன்ஜினைச் சுற்றி ஓடும் கூலன்ட் 80 முதல் 95 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். அந்தச் சூட்டில்தான் டீசல் சரியாக எரியும், ஆயில் சரியான பதத்தில் ஓடும்.

இந்தச் சூட்டைக் காவல் காப்பது தெர்மோஸ்டாட் வால்வு. உள்ளங்கையில் அடங்கும் சின்ன பாகம்தான். அதற்குள் ஒரு சிமிழில் மெழுகு இருக்கும். கூலன்ட் சூடானதும் மெழுகு உருகி விரிந்து, கம்பியைத் தள்ளி வால்வைத் திறக்கும். அதன் பிறகுதான் கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகும். ஆறினால் ஸ்பிரிங் மூடிவிடும். கரன்ட் இல்லை, வயர் இல்லை. 1930-களில் செர்ஜியஸ் வெர்னே உருவாக்கிய இந்த மெழுகு நுட்பம்தான் இன்றைய வேன்களிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. வால்வு எந்தச் சூட்டில் திறக்கும் என்பது அதன் மேலேயே 82, 88 என்று பொறிக்கப்பட்டிருக்கும்.

வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டால், ஸ்டார்ட் செய்த நிமிடத்தில் இருந்தே கூலன்ட் முழுவதும் ரேடியேட்டருக்குள் சுற்றிச் சுற்றி ஆறிக்கொண்டே இருக்கும். ஊசி ஏறாது.

மலைக் குளிர்தான் காரணமா?

"மேல குளிரு சார், அதான் ஊசி ஏறல" என்பது மலைப் பாதையில் சாதாரணமாகச் சொல்லப்படும் காரணம். இது சரியல்ல. சின்ன கல்வராயன் பகுதி சராசரியாக 2,700 அடி, பெரிய கல்வராயன் பகுதி 4,000 அடி உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்றின் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். அவ்வளவுதான். வெளியே 35 டிகிரி இருந்தாலும் 15 டிகிரி இருந்தாலும் இன்ஜினை ஒரே சூட்டில் வைப்பதற்காகத்தான் தெர்மோஸ்டாட்டே இருக்கிறது. அது வேலை செய்தால் வெள்ளிமலையிலும் ஊசி நடுவில்தான் நிற்கும்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, இறக்கம். மரவள்ளிக்கிழங்கு லோடு ஏற்றிக்கொண்டு கியரில் கட்டுப்படுத்தி இறங்கும்போது ஆக்சிலேட்டரில் கால் இருக்காது. இன்ஜினுக்குள் டீசல் கிட்டத்தட்ட எரியவே எரியாது. அப்போது ஊசி கொஞ்சம் இறங்குவது இயல்பு. அடிவாரம் வந்து சமவெளியில் சில கிலோமீட்டர் ஓடியதும் அது நடுவுக்குத் திரும்ப வேண்டும். திரும்பவில்லை என்றால் கோளாறு. (சூடு குறையுதே என்று நியூட்ரலில் போட்டு இறக்குபவர்களும் உண்டு. மலை இறக்கத்தில் அதைவிட ஆபத்தான காரியம் வேறில்லை.)

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசும் பழக்கம்

நம் ஊரில் இந்தக் கோளாறுக்குப் பெரிய காரணம் பாகம் பழுதாவது கூட இல்லை. வேண்டுமென்றே கழற்றிவிடுவதுதான். ஏதோ ஒரு மே மாத வெயிலில், மலை ஏறும்போது வண்டி கொதித்திருக்கும். "நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு" என்று வால்வைக் கழற்றிவிட்டு அனுப்பிவிடுவார்கள். வண்டி அதன்பின் கொதிக்காது. டிரைவருக்கும் நிம்மதி. ஆனால் ரேடியேட்டர் அடைப்போ, ஃபேன் கோளாறோ, எதனால் கொதித்ததோ அது அப்படியே உள்ளே இருக்கும்.

செகண்ட் ஹேண்டில் வாங்கிய வேன் என்றால் இதை முதலில் சந்தேகப்படலாம். எலக்ட்ரிக் ஃபேன் உள்ள வண்டிகளில், ஃபேனை நேரடியாக பேட்டரியில் கொடுத்து எப்போதும் ஓடும்படி செய்திருப்பதும் இதே ரகம்தான்.

குளிர்ந்த நாடுகளில் இந்தக் கோளாறு சீக்கிரம் தெரிந்துவிடும். கேபின் ஹீட்டரில் சூடான காற்று வராதபோதே சந்தேகம் வந்துவிடும். கள்ளக்குறிச்சியில் ஹீட்டர் போடுபவர் யார்? அதனால் மாதக்கணக்கில் தெரியாமலே ஓடும். தெரியவரும்போது மைலேஜ் குறைந்திருக்கும். அரைகுறையாக எரிந்த டீசல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலில் கலந்து அதை நீர்க்க வைத்திருக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு கூடியிருந்தால், டீசல் வாடை அடித்தால் அதுதான் அர்த்தம். ஆயில் மூடிக்கு அடியில் வெண்மையாக பசை படிவதும் உண்டு.

2020 ஏப்ரல் 1 முதல் வந்த பிஎஸ்-6 டீசல் வண்டிகளில் இன்னொரு சிக்கல். சைலன்சர் பாதையில் புகையை வடிகட்டும் டிபிஎஃப் ஃபில்டர் பல மாடல்களில் இருக்கிறது. அதில் சேரும் கரியை வண்டி தானாகவே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். கூலன்ட் போதிய சூட்டுக்கு வரவில்லை என்றால் அந்த வேலை தொடங்காது. ஃபில்டர் அடைத்து, வண்டி இழுக்காமல் போகும். சில நூறு ரூபாய் வால்வை விட்டுவிட்டு, பல ஆயிரம் ரூபாய் ஃபில்டரில் கைவைக்க வேண்டிவரும்.

ஊசி திடீரென்று கீழே விழுந்தால்...

எல்லாவற்றிலும் ஆபத்தானது இதுதான். ஏற்றத்தில் நடுவில் இருந்த ஊசி, மேலே போய், பிறகு சட்டென்று அடியில் விழுகிறது. டிரைவர் "அப்பாடா" என்று தொடர்ந்து மிதிப்பார். உண்மையில் ஹோஸ் வெடித்தோ கசிந்தோ கூலன்ட் வெளியேறி, சென்சார் தொட்டுப் பார்க்கத் திரவமே இல்லாமல் போயிருக்கலாம். சென்சார் கூலன்ட்டில் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். வெறும் காற்றில் நின்றால் குறைவாகக் காட்டிவிடும். உள்ளே இன்ஜின் காய்ந்துகொண்டிருக்கும்.

இப்படி ஆனால் உடனே நிறுத்தி இன்ஜினை அணைத்துவிட வேண்டும். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கவே கூடாது. அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும். ஆறும்வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை. பச்சைத் தண்ணீரை உடனே ஊற்றினாலும் ஹெட் விரிசல் விடலாம்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

காலையில், இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது தொடங்கணும். முதலில் கூலன்ட் அளவு. குறைந்திருந்தால் மற்ற சோதனைகள் எல்லாம் அப்புறம், கசிவு எங்கே என்பதுதான் முதல் கேள்வி.

அளவு சரியாக இருந்தால், இன்ஜினை ஸ்டார்ட் செய்துவிட்டு, ரேடியேட்டரின் மேல்பக்க ஹோஸை அவ்வப்போது தொட்டுப் பாருங்க. ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் பக்கத்தில் கையோ துண்டோ போகாமல் ஜாக்கிரதை. நல்ல தெர்மோஸ்டாட் என்றால் ஹோஸ் நெடுநேரம் சில்லென்று இருந்து, வால்வு திறந்ததும் சட்டென்று சூடாகும். தொடக்கத்தில் இருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறினால் வால்வு திறந்தே கிடக்கிறது, அல்லது வால்வே இல்லை. டீசல் இன்ஜின் நின்ற இடத்தில் மெதுவாகத்தான் சூடாகும் என்பதால், பொறுமை இல்லாதவர்கள் ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டும் பார்க்கலாம்.

ஹோஸ் நன்றாகச் சூடாகிறது, ஊசி மட்டும் ஏறவில்லை என்றால் சந்தேகம் சென்சார், வயர், மீட்டர் பக்கம் திரும்ப வேண்டும். பெரும்பாலான சென்சார்களில் சூடு கூடக் கூட மின்தடை குறையும். சாதாரண வெப்பத்தில் 2,000 ஓம்ஸுக்கு மேல் காட்டும் சென்சார், 80 டிகிரியில் சில நூறு ஓம்ஸுக்கு வந்துவிடும். எனவே வயர் அறுந்தாலோ, சாக்கெட்டில் பச்சை பிடித்தாலோ தடை எகிறி, மீட்டர் அதை 'குளிர்' என்று எடுத்துக்கொள்ளும். மலை ரோட்டு அதிர்வில் சாக்கெட் லூசாவது சகஜம். ஒற்றை வயர் சென்சார் உள்ள பழைய வண்டிகளில் அந்த வயரைக் கழற்றி ஒரு நொடி எர்த்தில் தொட்டால் ஊசி உச்சிக்குப் போகும். போனால் மீட்டரும் வயரும் சரி, சென்சார்தான் பழுது. இசியூ உள்ள புதிய வண்டிகளில் இந்த வித்தை வேண்டாம். ஸ்கேனரை மாட்டினால் கூலன்ட் வெப்பம் எண்ணிலேயே தெரிந்துவிடும். பி0128 என்ற கோடு வந்தால், கூலன்ட் உரிய சூட்டுக்கு வரவில்லை என்று வண்டியே ஒப்புக்கொள்கிறது என்று பொருள்.

கழற்றிய வால்வை வீட்டு அடுப்பிலேயே சோதிக்கலாம். பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அடியில் படாமல் கயிற்றில் தொங்கவிட்டுச் சூடாக்கினால், பொறித்திருக்கும் டிகிரியை ஒட்டித் திறக்க வேண்டும். தண்ணீர் ஆறினால் மூட வேண்டும். பச்சைத் தண்ணீரிலேயே வாய் திறந்து கிடந்தால் குப்பைதான். சமையலுக்கு அந்தப் பாத்திரத்தை மறுபடி பயன்படுத்த வேண்டாம், கூலன்ட் விஷம்.

புதிய வால்வு போடும்போது அதே டிகிரி உள்ளதையே வாங்கணும். காற்று வெளியேற அதில் ஒரு சின்னத் துளை இருந்தால், அது மேல்பக்கம் வரும்படி பொருத்துவது வழக்கம். போர் தண்ணீருக்குப் பதில் கூலன்ட் ஊற்றி, உள்ளே சிக்கிய காற்றை முழுவதும் வெளியேற்ற வேண்டும். பிறகு லோடு இல்லாமல் கோமுகி அணை வரை ஒரு ஓட்டம் விட்டு, ஊசி நடுவில் வந்து நிற்கிறதா பாருங்க. மறுநாள் காலை ஆறிய இன்ஜினில் கூலன்ட் அளவை இன்னொரு முறை பார்த்த பிறகு வெள்ளிமலைக்கு லோடு ஏற்றலாம்.