பரிமளாவுக்காக வேலையை விட்ட கணவர்

என் மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு, மேலே கணக்குதான் படிப்பேன் என்கிறாள். "அம்புட்டுப் படிச்சா மாப்பிள்ளை கிடைக்குமா மதினி?" என்று கவலைப்படுகிறார் ஸ்ரீவில்லிபுத்தூர் நாத்தனார்.

அவரிடம் சொன்னதை இங்கும் எழுதுகிறேன். ரஷ்யாவின் சோபியா கோவலெவ்ஸ்கயா, வெளிநாடு போய்க் கணக்குப் படிக்கவே 1868-ல் பேருக்கு ஒரு கல்யாணம் செய்துகொண்டார். 1874-ல் டாக்டர் பட்டமும் வாங்கினார்.

நம் தமிழ்நாட்டுப் பரிமளா கதை வேறு. 1948-ல் பிறந்தவர். சென்னை ஸ்டெல்லா மாரிஸில் படித்து, பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்து, 1976-ல் டாக்டரானார். மனைவியின் கணக்கு நின்றுவிடக் கூடாதென்று, கணவர் ராமன் டான்சானியாவில் பார்த்த பெரிய வேலையையே விட்டுவிட்டு பம்பாய்க்கு வந்துவிட்டாராம்! 1987-ல் பட்நாகர் விருது. 2010-ல் ஹைதராபாத் உலகக் கணித மாநாட்டில் முக்கியச் சொற்பொழிவு.

எல்லாம் கேட்டுவிட்டு, "அந்த மாதிரி மாப்பிள்ளை நம்ம பக்கம் இருக்காரா?" என்றார் நாத்தனார். தேடிப் பார்ப்போம். இப்போதைக்கு பி.எஸ்ஸி.க்கு விண்ணப்பம் போட்டாச்சு.

- ஒரு வாசகி, ராஜபாளையம்