பனிப்புயலும் ஓர் இதமான காலையும்

பனிப்புயல் என்றால் வானத்திலிருந்து பனி கொட்டுவது என்றே நம்மில் அநேகர் எண்ணுகிறோம். அதன் பலமோ காற்றில் இருக்கிறது. மணிக்கு 56 கிலோமீட்டர் வேகத்திற்குக் குறையாத காற்று பனியை வாரி இறைத்து, 400 மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியாதபடி 3 மணி நேரமாவது மறைத்தால், அதையே அமெரிக்க வானிலைத் துறையினர் பனிப்புயல் என்கின்றனர். வானம் தெளிந்திருந்தாலும், தரையில் கிடக்கும் பனித்தூளே எழும்பிக் கண்களை மூடிவிடக்கூடும்.

1888-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் தேதி அத்தேசத்துச் சமவெளிகளில் சம்பவித்ததைக் கேளுங்கள். பல நாள் கடுங்குளிருக்குப்பின் அன்று காலை இதமாக விடிந்தது. பிள்ளைகள் கனத்த உடையின்றிப் பள்ளிக்குச் சென்றனர். கனடாவிலிருந்து இறங்கிய குளிர்க்காற்றோ ராக்கி மலைநாட்டைத் தாக்கியிருந்தது. அங்குள்ள ஹெலீனா நகரில் 5 மணி நேரத்திற்குள் வெப்பநிலை 25 செல்சியஸ் பாகைக்கு மேல் வீழ்ந்தது. அக்காற்று டக்கோட்டாவையும் நெப்ராஸ்காவையும் அடைந்தபோது, மாவைப்போன்ற பனித்தூள் பகலை இருளாக்கிற்று. நார்வே, ஜெர்மனி முதலிய தேசங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்து குடியேறியோர் அநேகர் அங்கே இருந்தனர். மரமற்ற அவ்வெளியில் திசைகாட்ட ஓர் அடையாளமும் இல்லை. சுமார் 235 பேர் மாண்டனர். அவர்களில் பள்ளிப் பிள்ளைகள் பலர்.

நெப்ராஸ்காவில் லோயிஸ் ராய்ஸ் என்னும் இளம் ஆசிரியை, பள்ளியில் விறகு தீர்ந்தபடியால், 3 பிள்ளைகளோடு அருகிலிருந்த தம் விடுதிக்குப் புறப்பட்டார். தூரம் சொற்பமே, ஆயினும் வழி தவறிற்று. இராமுழுதும் அவர்களை அணைத்துக் கிடந்தும் மூவரும் இறந்தனர். அவர் உயிர் தப்பினார், பாதங்களை இழந்தார். அம்மாநிலத்திலேயே மின்னி ஃப்ரீமன் என்னும் ஆசிரியை, பள்ளிக்கூரையைக் காற்று பிய்த்தெறிந்ததால் வெளியேற நேர்ந்தது. பிள்ளைகள் யாவரையும் பிரியவிடாமல் ஒரு பண்ணைவீட்டுக்கு நடத்திச் சென்றார். ஒருவரும் சாகவில்லை. இருவருக்கும் அன்பில் குறைவில்லை. திசை தெரியாத வெளியில் அன்பு மாத்திரம் வழிகாட்டாது.

உங்கள் மகனோ மகளோ அத்தகைய குளிர்தேசத்தில் வாழ்கிறார்களா? இவற்றைச் சொல்லிவையுங்கள். காலை வெயிலை நம்பாமல் வானிலை எச்சரிக்கையைக் கேட்கட்டும். புயல் வரும்போது வீட்டிலிருந்தால் வெளியே போகவேண்டாம். வழியில் வாகனம் சிக்கினால் அதை விட்டு இறங்கி நடக்கவேண்டாம். தேடி வருகிறவர்களின் கண்ணுக்கு வாகனமே எளிதில் தென்படும். வெப்பத்திற்காக அவ்வப்போது என்ஜினை இயக்கலாம். அதற்குமுன் புகைக்குழாயை அடைத்த பனியை அகற்றவேண்டும். இல்லாவிடில் நச்சுவாயு உள்ளே நிறையும். போர்வை, உணவு, குடிநீர் ஆகியவை வாகனத்தில் எப்போதும் இருக்கட்டும்.

"இதோ, பக்கத்தில்தானே" என்ற எண்ணமே அநேகரை வெளியே இழுத்தது. காற்று அடங்குமட்டும் காத்திருப்பது கோழைத்தனமல்ல, பிரியமானவர்களே. அது வீட்டில் காத்திருப்போருக்கு நாம் செய்யும் கடமை.