குளிர்கால மாவும் மூடிய அறையும்

தில்லியில் ஜனவரி பிறந்துவிட்டால் நம் வீடுகளில் எழும் முதல் புலம்பல், "மாவு பொங்கவே இல்லை" என்பதுதான். மே மாதத்தில் ஐந்தாறு மணி நேரத்தில் பாத்திரத்தை விட்டு வழியும் அதே மாவு, ஜனவரியில் ஓர் இரவு கழிந்தும் அரைத்து வைத்தபடியே அசையாமல் இருக்கும். நாமும் அதை ரஜாயில் சுற்றி, குழந்தையைத் தூங்க வைப்பது போல் மூலையில் வைத்துக் காத்திருப்போம்.

சென்ற குளிர்காலத்தில் ஒரு மாலை, பக்கத்து வீட்டுப் பெண் வேதியியல் புத்தகத்துடன் வந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு. "மாமா, வினைவேகமும் சமநிலையும் எனக்கு ஒன்றாகவே தெரிகிறது. சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன்" என்றாள். முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளியில் வேதியியல் கற்பித்தவன் என்ற முறையில் எனக்கு இது புதிதல்ல. இரண்டையும் குழப்பிக்கொள்ளாத மாணவரை நான் கண்டது அபூர்வம். அன்று அவளுக்குச் சொன்னதையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் வேகம். மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோதினால்தான் வினை நடக்கும். ஆனால் மோதுபவை எல்லாம் வினைபுரிவதில்லை. உயரமான வாசற்படி ஒன்றைத் தாண்டும் அளவுக்கு ஆற்றல் உள்ளவை மட்டுமே வினைபுரியும். அந்தப் படியின் உயரத்தைத்தான் கிளர்வு ஆற்றல் என்கிறோம். சூடு ஏறினால் படியைத் தாண்டக்கூடிய மூலக்கூறுகளின் எண்ணிக்கை பெருகும். பத்து டிகிரி கூடினால் பல வினைகளின் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும் என்பது ஒரு தோராயக் கணக்கு.

மாவைப் பொங்க வைப்பவை நுண்ணுயிர்களும் அவற்றின் நொதிகளும். நொதி என்பது ஒரு வினையூக்கி. அது படியின் உயரத்தைக் குறைக்கிறது. குளிரில் அந்த வேலை மந்தமாகிறது. ரஜாய் சூடு தருவதில்லை. இருக்கிற சூட்டைக் காப்பாற்றுகிறது, அவ்வளவே. ஆகவே வெதுவெதுப்பான நீர் விட்டு அரைத்துப் பிறகு சுற்றி வைப்பதே பொருத்தம். அதற்காகக் கொதிநீரை ஊற்றினால் நொதி கெடும், நுண்ணுயிர் மடியும், மாவும் வீண்.

செறிவும் பரப்பளவும் வேகத்தைக் கூட்டும். நமக்குப் போகி வரும் அதே நாட்களில் இங்கே லோஹ்ரி கொளுத்துகிறார்கள் அல்லவா? சுள்ளிகள் சட்டென்று பற்றும், பெரிய கட்டைகள் மெதுவாகவே பற்றும். மரம் ஒன்றுதான், காற்று படும் பரப்பு வேறு.

இனி சமநிலை. மூடிய சோடா பாட்டிலைப் பாருங்கள். வாயு நீரில் கரைகிறது; கரைந்த வாயு வெளியேறவும் செய்கிறது. இரண்டும் ஒரே வேகத்தில் நடப்பதால் வெளியே எந்த மாற்றமும் தெரிவதில்லை. நம் சங்க விழாவில் நிமிடத்துக்குப் பத்துப் பேர் உள்ளே வந்து பத்துப் பேர் வெளியே போனால், அரங்கில் கூட்டம் குறையாது, கூடாது. ஆனால் வாசலில் நடமாட்டம் நின்றுவிட்டதா என்ன? வேதிச் சமநிலையும் அப்படித்தான். முன்னோக்கு வினையும் பின்னோக்கு வினையும் சம வேகத்தில் நடந்துகொண்டே இருக்கும். இரண்டு பக்கமும் பொருள்கள் சம அளவில் இருக்கும் என்று எழுதி மதிப்பெண் இழப்பவர் பலர். சமமாக இருப்பது வேகம், அளவு அல்ல.

சமநிலையைக் கலைத்தால் என்ன ஆகும்? 1884-இல் பிரெஞ்சு அறிஞர் லீ சாட்லியர் இதற்கு விடை சொன்னார். நாம் திணிக்கும் மாற்றத்தின் விளைவைக் குறைக்கும் திசையில் சமநிலை நகரும். நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்து அம்மோனியா ஆகும்போது நான்கு பங்கு வாயு இரண்டு பங்காகச் சுருங்குகிறது, வெப்பமும் வெளிப்படுகிறது. ஆகவே அழுத்தம் கூடினால் அம்மோனியா அதிகம் கிடைக்கும். சூடு கூடினால் குறையும். சூட்டைக் குறைத்தாலோ வினை நத்தை வேகத்தில் நடக்கும். வேகமும் சமநிலையும் எதிரெதிராக இழுக்கும் இடம் இது. ஹேபர் கண்ட வழியை போஷ் ஆலை அளவுக்கு வளர்த்தார். 1913-இல் ஜெர்மனியின் ஓப்பாவில் உற்பத்தி தொடங்கியது. 400 முதல் 500 டிகிரி வரை சூடு, நூற்றுக்கணக்கான வளிமண்டல அழுத்தம், இரும்பு வினையூக்கி என்பதே அவர்கள் கண்ட சமரசம். வினையூக்கி சமநிலையை நகர்த்தாது. அதை விரைவில் அடைய உதவும், அவ்வளவுதான். பானிபட்டிலும் நங்கலிலும் உள்ள உர ஆலைகளுக்கு அடிப்படை இந்த வினைதான்.

இதுவரை சொன்னது தேர்வுக்கு. இனிச் சொல்வது உயிருக்கு.

1979 ஜனவரி. தில்லியில் எங்களுக்கு முதல் குளிர்காலம். ஒரு பர்சாத்தி அறையில் குடியிருந்தோம். நடுக்கம் தாங்காமல் அங்கீட்டியில் கரி மூட்டி, கதவு ஜன்னல் எல்லாம் அடைத்துப் படுத்தோம். நடு இரவில் என் மனைவி, "தலை வெடிக்கிறது, எழுந்திருக்க முடியவில்லை" என்றாள். எனக்கும் கால்கள் துவண்டன. எப்படியோ தவழ்ந்து போய்க் கதவைத் திறந்தேன். வேதியியலில் பட்டம் பெற்றவன் செய்த மடத்தனம் அது.

நடந்தது இதுதான். இரத்தத்தின் ஹீமோகுளோபினும் ஆக்சிஜனும் சேர்வது ஒரு மீள்வினை. நுரையீரலில் ஆக்சிஜன் மிகுதி, ஆகவே சேர்கிறது. திசுக்களில் குறைவு, ஆகவே பிரிகிறது. நம் ஒவ்வொரு மூச்சும் லீ சாட்லியரின் பாடம். காற்றுப் போதாமல் எரியும் கரி, கார்பன் மோனாக்சைடைத் தருகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுகப் பற்றுகிறது. ஆகவே காற்றில் சிறிதளவு இருந்தாலே சமநிலை அதன் பக்கம் சாய்ந்துவிடும்.

ஆயினும் அதுவும் மீள்வினையே என்பதுதான் நம் பாக்கியம். ஆக்சிஜனின் செறிவைக் கூட்டினால் சமநிலை திரும்பும். சாதாரணக் காற்றில் இரத்தத்திலுள்ள இந்த நஞ்சு பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரம் ஆகும். மருத்துவமனையில் தூய ஆக்சிஜன் கொடுத்தால் சுமார் ஒன்றரை மணி நேரமே போதும்.

எல்லாம் கேட்ட அந்தப் பெண் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "மாமா, எங்கள் குளியலறையில் கேஸ் கீஸர் இருக்கிறது, ஜன்னலை அட்டை வைத்து அடைத்திருக்கிறோம்" என்றாள். அன்று மாலையே அவள் தந்தை அட்டையை எடுத்துவிட்டு, கீஸரை வெளியே மாற்ற ஆள் சொல்லி அனுப்பினார்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகளின் புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தாலும் விளக்கம் நம் வீட்டுத் தமிழில் இருக்கட்டும், சமையலறையிலிருந்தே தொடங்கலாம். அங்கீட்டியோ கேஸ் கீஸரோ உள்ள வீடுகளில், எவ்வளவு குளிரானாலும், காற்று வந்து போக வழி விடுங்கள். கரித்தணலைப் படுக்கும் அறையில் வைத்துக்கொண்டு ஒருநாளும் உறங்காதீர்கள். தலைவலியும் மயக்கமும் தோன்றினால் முதலில் வெளியே வாருங்கள், மற்றவை பிறகு.