கத்தி தீட்டும் பலகைக்கு எந்த மரம்?

"தீட்டின மரத்திலேயே கூர் பார்க்கிறான்" என்று நன்றி மறந்தவனைப் பற்றி எமது கிராமங்களில் சொல்வார்கள். இந்தப் பழமொழி பிறந்த காலத்தில் கத்தியைத் தீட்டுவதற்கு மரம் பயன்பட்டது என்பதும் இதிலிருந்து தெரிகிறது. கல்லில் தீட்டிய பின் மரத்தில் இழுத்தால்தான் கூர் நிறைவு பெறும் என்பது சீவல் தொழிலாளர்கள் நன்கு அறிந்த விடயம். அவர்களின் தீட்டுத்தடி அதற்காகவே ஏற்பட்டது. ஆனால் இன்று பலர் கையில் கிடைத்த பலகைத் துண்டில் தூளைத் தூவி இழுத்துவிட்டு, "கூர் ஏறவில்லை, கத்தி சரியில்லை" என்று கொல்லனைக் குறை கூறுகிறார்கள். பெரும்பாலும் குறை கத்தியில் இல்லை, மரத்தில்தான் இருக்கிறது.

பனை சீவுபவருக்கு இது சிறிய விடயமல்ல. பாளையின் நுனியை ஒவ்வொரு முறையும் மெல்லிய சீவலாக எடுத்தால்தான் அடைபட்ட துவாரங்கள் திறந்து கருப்பநீர் தொடர்ந்து வடியும். மழுங்கிய கத்தி பாளையை வெட்டுவதில்லை, நசுக்குகிறது. நசுங்கிய பாளையில் வடிதல் குறையும், பாளையும் விரைவில் வீணாகும். அதைவிட முக்கியமானது உயிர். மழுங்கிய கத்தியை அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கும். அழுத்திய கத்தி வழுக்கினால், ஐம்பது அறுபது அடி உயரத்தில் மட்டைகளுக்கிடையே நிற்பவருக்கு என்ன நேரும் என்பதை விளக்கத் தேவையில்லை.

மரம் ஏன் மெதுமையாக இருக்க வேண்டும்? பலகையில் நாம் தூவும் தூள்தான் இரும்பைத் தேய்க்கிறது. மரம் அந்தத் தூளைப் பிடித்து வைத்திருக்கிறது. சீமெந்துத் தரையில் கொட்டிய கடலை கால் பட்டதும் உருண்டோடும், ஈரக் களியில் கொட்டியது புதைந்து நிற்கும். தூளும் அப்படித்தான். மெதுமையான மரத்தில் ஒவ்வொரு மணியும் பாதி புதைந்து, மீதிப் பாதியின் முனையால் இரும்பைச் சுரண்டும். வைரமான மரத்தில் தூள் பதியாமல் உருண்டு, கத்தியின் விளிம்புக்கு முன்னால் ஓடிவிடும். ஆகவே நல்ல வைரமரம் நல்ல தீட்டுப்பலகை ஆகும் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிட வேண்டும். பாலை, முதிரை, கருங்காலி போன்றவை வீட்டுக்கும் வண்டிக்கும் உகந்தவை. இந்த வேலைக்கு உதவா. பூவரசும் வேம்பும் அவ்வளவு கடினமில்லை என்றாலும் தேவைக்கு மேல் இறுக்கமானவை.

மிகவும் மெதுவான மரமும் தீங்கானது. முருங்கைத் தடி பஞ்சுபோல் அமுங்கும். கத்தி அதில் புதைந்து செல்ல, அமுங்கிய மரம் விளிம்புக்குப் பின்னால் மேலெழும்பி கூரை உருட்டிவிடும். பத்து முறை இழுத்தால் கத்தி முன்பிருந்ததைவிட மழுங்கியிருப்பதைக் காணலாம். அத்துடன் முருங்கை காயும்போது பெரிதும் சுருங்கி வெடிக்கும்.

இடைப்பட்ட மரத்தை அறிவதற்கு ஒரு எளிய வழி உண்டு. நன்கு காய்ந்த சதுரத் தடி ஒன்றை வாளித் தண்ணீரில் படுக்கையாக மிதக்க விடுங்கள். தடிப்பில் கால்வாசிக்கும் பாதிக்கும் இடையில் அமிழ்ந்தால் அது ஏற்ற மரம். பாதிக்கு மேல் அமிழ்ந்தால் இறுக்கம் அதிகம். கால்வாசிகூட அமிழாவிட்டால் பஞ்சுத்தன்மை அதிகம். பாலையின் வைரம் தண்ணீரில் தாழ்ந்தே போகும். வாளி இல்லாத இடத்தில் பெருவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகத்தின் தடம் தெளிவாக விழ வேண்டும், ஆனால் நகம் உள்ளே இறங்கக் கூடாது.

வடபகுதியில் இச்சோதனையில் தேறக்கூடிய மரம் தேடி அலைய வேண்டியதில்லை. வேலியில் நிற்கும் முள்முருக்கே போதும். முற்றிய அடிமரத்திலிருந்து எடுத்தால் மெதுமையும் சீரான நாரும் அதில் இருக்கும். இளங்கதியாலில் எடுத்தால் முருங்கையின் குணத்தையே காட்டும். இலவ மரமும் அப்படியே, முற்றியது நல்லது. கிளுவை மெதுமையானதுதான்; ஆனால் அதன் பிசின் தூளைக் கட்டிபிடிக்கச் செய்யும் என்பதால் நான் அதை இரண்டாம் தரமாகவே சொல்வேன். மலையகத்தில் இருப்போருக்கு அல்பீசியா எளிதில் கிடைக்கும், இலேசானது, மலிவானது.

எல்லாவற்றிலும் சிறந்தது எழிலைப்பாலை. பெயரைக் கண்டு மயங்க வேண்டாம். பாலைப்பழம் தரும் பாலை வேறு, இது வேறு. ஒன்று இரும்புபோல், மற்றையது சீவினால் சோப்புக்கட்டிபோல். ஏழு ஏழாக வட்டமாக இலை விடும் இம்மரத்தின் பலகையில்தான் முற்காலத்தில் பள்ளிப் பிள்ளைகள் எழுதினார்கள். தாவரவியலார் அதற்கு 'ஸ்கொலாரிஸ்' என்று பெயரிட்டதும் அதனாலேயே. எழுத்துப் பலகைக்கு வேண்டிய நெருங்கிய, வரியற்ற பரப்பே தீட்டுப்பலகைக்கும் வேண்டும்.

பொதிப்பெட்டிகளின் பைன் பலகையைப் பலர் விரும்புகிறார்கள். வாங்கியதும் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் பைனில் மெதுமையான வரியும் இறுக்கமான வரியும் மாறி மாறி வருகின்றன. மெதுமையான வரி விரைவாகத் தேய, மற்றது வரம்புபோல் மேலெழும்பும். பிறகு கத்தி வரம்பின் மேல்தான் ஓடும். பனஞ்சிலாகையும் தென்னம்பலகையும் இதைவிட மோசம். கடின நாரும் சோறும் கலந்தவை.

மரத்தைத் தெரிந்த பின் ஒரு அடி நீளம், இரண்டு அங்குல அகலம், முக்கால் அங்குலத் தடிப்பில் துண்டு எடுங்கள். இடுப்பில் கொண்டு செல்வதானால் நீளத்தைக் குறைக்கலாம். நடுக்குருத்தும் கணுவும் வரக்கூடாது; நார் நீளவாக்கில் ஓட வேண்டும். இரு முனைகளிலும் மெழுகு பூசி நிழலில் காயவிட்டால் முனை வெடிக்காது. மெதுமரங்களைத் துளைவண்டு விரும்பும். ஆகவே காய்ந்த துண்டை அடுப்புக்கு மேலுள்ள பறணில் சில வாரம் புகையில் வைப்பது நல்லது. தட்டும்போது மாவு கொட்டினால் அத்துண்டை எரித்துவிடுங்கள்.

தூளைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். எல்லா வெள்ளை மணலும் ஒன்றல்ல. குடாநாட்டின் சுண்ணக்கல்லையும் முருகைக்கல்லையும் இடித்த தூள் இரும்பைத் தேய்க்காது, அவை இரும்பைவிட மெதுமையானவை. படிகக்கல் தேய்க்கும். தேசிக்காய்ப்புளி விட்டால் நுரைப்பது சுண்ணம். நுரைக்காமலும் போத்தல் கண்ணாடியில் கீறல் விழச் செய்வதுமே உங்களுக்கு வேண்டியது. அதை இடிக்கும்போது கட்டாயம் நனைத்து இடியுங்கள். உலர்ந்த படிகத் தூளைத் தொடர்ந்து சுவாசித்தால் நுரையீரல் தழும்பேறி, மருந்தால் மாற்ற முடியாத நோய் உண்டாகும். நனைத்த தூளைத் தண்ணீரில் கலக்கி, கரடு அடியில் தங்கிய பின் மேலே நிற்கும் கலங்கலை வேறாக ஊற்றித் தெளியவிட்டால் மென்மையான தூள் கிடைக்கும். அதை முற்றாகக் காயவிடாமல் ஈரப்பதத்துடனேயே வழித்தெடுத்து மூடி வையுங்கள். மோட்டார் உதிரிப்பாகக் கடைகளில் விற்கும் வால்வு தேய்க்கும் பசை தோட்டக் கத்திக்கு உதவும். அதில் எந்திர எண்ணெய் கலந்திருப்பதால், குடிக்கும் கருப்பநீர் படும் பாளைக்கத்திக்கு அது வேண்டாம்.

ஒரு பக்கத்தில் ஓரிரு துளி தேங்காயெண்ணெய் தடவி, அந்த ஈரத் தூளைச் சிறிது வைத்து, போத்தலை உருட்டி அழுத்துங்கள். தூள் மரத்தில் பதிந்துவிடும். மறுபக்கத்தை இறுதி மெருகுக்காக வைத்து, அதில் சலித்த உமிச்சாம்பல் போதும். உமிச்சாம்பலின் பெரும்பகுதி சிலிக்காதான், அதுவும் மிக மென்மையான நிலையில். இரு பக்கத்துத் தூளும் கலக்கக் கூடாது.

இழுக்கும்போது கத்தியின் முதுகு முன்னே செல்ல வேண்டும், கூர் பின்னே வர வேண்டும். கூரை முன்னே தள்ளினால் மரம்தான் வெட்டுப்படும். கத்தியின் பாரமே ஏறக்குறைய போதும், அழுத்த வேண்டாம். முனையில் கத்தியைத் திருப்பும்போது முதுகின் மேல் புரட்டுங்கள். ஒவ்வொரு பக்கமும் பத்துப் பதினைந்து இழுப்பில் கூர் வராவிட்டால் அது பலகைக்குரிய வேலையல்ல, மறுபடி சாணைக்கல்லுக்குக் கொண்டு போங்கள். பல் விழுந்த கத்தியைப் பலகையில் எவ்வளவு தேய்த்தாலும் பயனில்லை.

நாளடைவில் பலகை நடுவில் குழிந்து, கறுத்துப்போகும். அப்போது சீவுளியால் ஒரு படை சீவிவிட்டு, புதிதாகத் தூள் பதித்தால் சரி. கைக்கு மெல்லியதாகிவிட்டால் வேலியில் இன்னொரு முருக்கு நிற்க வேண்டும். வேலிகள் மதிலாகவும் தகரமாகவும் மாறிவரும் ஊர்களில், மழைக்கு முன் இரண்டு முருக்கங் கதியாலை வளவின் ஒரு மூலையில் ஊன்றி வைத்தால் தடிக்கு மரம் இருக்கும், ஆட்டுக்குக் குழையும் இருக்கும்.