துணை மாறினும் தளராத வீரர்

இறகுப்பந்து இரட்டையர் ஆட்டத்தில் ஒருவரது கைத்திறன் மட்டும் போதாது. துணைவரின் குறிப்பறிந்து இயங்குதலும் வேண்டும். ஓய்வுபெற்ற சீன வீரர் ஃபு ஹைஃபெங்கின் ஆட்ட வாழ்வில் இவ்வுண்மையை நாம் காண்கிறோம்.

பின்களத்தினின்று அவர் ஓங்கி அடிப்பார். எதிரணி தடுமாறித் திருப்பும் பந்தை முன்களத்தில் சாய் யுன் முடித்துவைப்பார். 2006, 2009, 2010, 2011 ஆகிய ஆண்டுகளில் இவ்விருவரும் உலகப் பட்டம் வென்றனர். 2008இல் பெய்ஜிங் ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் இந்தோனேசிய இணையிடம் தோற்றனர். மனந்தளராது 2012இல் லண்டனில் தங்கம் வென்றனர். ஆடவர் இரட்டையரில் சீனா பெற்ற முதல் ஒலிம்பிக் தங்கம் அதுவே.

பின்னர்த் துணை மாறியது. முப்பதைக் கடந்த ஃபு, இளையவரான ஜாங் நானோடு இணைந்து, 2016இல் ரியோ இறுதியாட்டத்தில் மலேசிய இணையை மூன்றாம் கட்டத்தில் 23–21 என வென்று, மீண்டும் தங்கம் பெற்றார்.

பழம்பெருமையில் தேங்காது, புதியவரோடு இசைந்து நிற்றலும் ஆற்றலே என்பதை நாம் உள்ளங்கொள்வோமாக.