தமிழ்நாட்டில் மின்தேவையும் அணுமின்சாரமும்

அணுமின்சாரம் என்பது யுரேனியம் போன்ற தனிமங்களின் அணுக்கருப் பிளவில் வெளிப்படும் வெப்பத்தைக் கொண்டு நீராவி உண்டாக்கி, அதனால் சுழலியை இயக்கிப் பெறப்படும் மின்சாரம் ஆகும். தமிழ்நாட்டில் இது கல்பாக்கம், கூடங்குளம் ஆகிய இரு கடற்கரை ஊர்களில் உற்பத்தி செய்யப்படுகின்றது. வளர்ந்துவரும் மின்தேவையைச் சுற்றுச்சூழலுக்குப் பெருங்கேடின்றி நிறைவு செய்வதில் இதன் பங்கு குறித்து இம்மாநிலத்தில் நெடுங்காலமாக விவாதம் நடந்து வருகின்றது.

மாலை நேரத் தேவை

இச்சிக்கலை விளங்கிக்கொள்ளத் திருவண்ணாமலை ஏற்ற எடுத்துக்காட்டாகும். கார்த்திகைத் தீபத்தன்று மாலை 6 மணிக்கு மலையுச்சியில் மகாதீபம் ஏற்றப்படுகின்றது. இலட்சக்கணக்கானோர் கூடும் அந்நேரத்தில் கிரிவலப் பாதையின் விளக்குகள், விடுதிகள், குடிநீர் இறைக்கும் மோட்டார்கள் அனைத்தும் ஒருங்கே இயங்குகின்றன. பொழுது சாய்ந்துவிடுவதால் அப்போது சூரிய மின்சாரம் கிடைக்காது. விழா நவம்பர் அல்லது திசம்பரில் வருவதால், மே முதல் செப்டம்பர் வரையிலான காற்றுப் பருவமும் முடிந்திருக்கும். ஆதலால் முப்பந்தல் பகுதிக் காற்றாலைகளின் உற்பத்தியும் குறைந்திருக்கும். மாவட்டத்திலுள்ள சாத்தனூர் அணையின் நீர்மின் நிலையம் 7.5 மெகாவாட் திறன் மட்டுமே உடையது. அதுவும் அணையிலிருந்து நீர் திறக்கும்போதுதான் இயங்கும். எனவே தேவையின் பெரும்பகுதியை நிலக்கரி, நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி, அணு ஆகியவற்றைக் கொண்டே ஈடுசெய்ய வேண்டியுள்ளது. (எந்த நிலையத்தின் மின்சாரம் எந்த ஊருக்குச் செல்கின்றது எனப் பிரித்துக் காட்ட இயலாது, மின்தொகுப்பில் அனைத்தும் கலந்துவிடும்.)

இதிலிருந்து அணு உலையே மாலைத் தேவையைத் தீர்க்கும் என முடிவு செய்வது பிழையாகும். இந்திய அணு உலைகள் இரவு பகலாக ஏறத்தாழ ஒரே அளவில் இயக்கப்படுபவை. அவை அடித்தேவையைத் தாங்கும். திடீரென உயரும் தேவைக்கேற்ப அவற்றை விரைந்து கூட்டிக் குறைப்பதில்லை. அப்பணிக்குக் கோவை மாவட்டத்திலுள்ள 400 மெகாவாட் காடம்பாறை நீரேற்று நிலையம் போன்ற சேமிப்பு அமைப்புகளே பொருத்தமானவை. உழவர்களின் பாசன மோட்டார்களைப் பகல் நேரத்துக்கு மாற்றுவதும் பயன் தரும். பகலில் சூரிய மின்சாரம் மிகுதியாகக் கிடைப்பதே இதற்குக் காரணம்.

நிலக்கரியுடன் ஒப்பீடு

1000 மெகாவாட் நிலையம் முழுத்திறனில் ஒரு நாள் இயங்கினால் 2.4 கோடி அலகு மின்சாரம் கிடைக்கும். இந்திய நிலக்கரியில் ஓர் அலகுக்கு 0.65 முதல் 0.7 கிலோ தேவை எனக் கொண்டால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 16,000 டன் எரிக்க வேண்டும். அதே அளவு மின்சாரம் தரும் அணு உலைக்கு ஓர் ஆண்டு முழுவதற்கும் ஏறத்தாழ 25 டன் எரிபொருள் போதும். காலநிலை மாற்றத்திற்கான பன்னாட்டு அரசுக் குழு 2014-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, முழு வாழ்நாளையும் கணக்கிட்டால் ஓர் அலகு மின்சாரத்திற்கு நிலக்கரி 820 கிராம் கரியமில வளிக்குச் சமமான வளிமங்களை வெளியிடுகின்றது. அணு 12 கிராம், காற்றாலை 11 கிராம் (இவை இடைநிலை மதிப்புகள்).

நிலையங்களும் எதிர்ப்பும்

கல்பாக்கத்தின் இரு 220 மெகாவாட் உலைகள் முறையே 1984, 1986 ஆம் ஆண்டுகளில் வணிக உற்பத்தியைத் தொடங்கின. 2004 திசம்பர் 26 அன்று ஆழிப்பேரலையின்போது கடல்நீர் நீரேற்றுக் கட்டடத்தினுள் புகுந்தது. இயங்கிக்கொண்டிருந்த இரண்டாம் உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது.

கூடங்குளம் திட்டத்திற்கு 1988-இல் சோவியத் ஒன்றியத்துடன் ஒப்பந்தம் செய்யப்பட்டது. 2011 மார்ச்சில் சப்பானின் புக்குசிமாவில் ஏற்பட்ட விபத்துக்குப் பின், அவ்வாண்டே இடிந்தகரையை மையமாகக் கொண்டு மீனவர் போராட்டம் வலுத்தது. இதே காலத்தில், 2012-இல், சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் நாள்தோறும் பல மணிநேர மின்வெட்டு நிலவியது. திருவண்ணாமலை போன்ற உள்மாவட்டங்களுக்கு மின்வெட்டு பெருந்துயரமாக இருந்தது. உலையின் அருகில் வாழ்ந்தோருக்கோ விபத்தும் கடல்நீர் வெப்பமாதலும் பெரும் அச்சமாக இருந்தன. (குளிர்விக்கப் பயன்பட்டு வெளியேறும் நீர், கடல்நீரைவிட 7 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பமாக இருத்தல் கூடாது என்பது விதி.) இவ்விரு தரப்பினரின் குறைகளும் உண்மையானவையே எனினும் அன்றைய விவாதங்களில் அவை ஒன்றுக்கொன்று எதிரானவையாகவே காட்டப்பட்டன.

2013 மே 6 அன்று உச்சநீதிமன்றம் பாதுகாப்பு நிபந்தனைகளுடன் நிலையம் இயங்க இசைவளித்தது. முதல் உலை 2014 திசம்பரிலும் இரண்டாவது 2017 மார்ச்சிலும் வணிக உற்பத்தியைத் தொடங்கின.

பயன்படுத்தப்பட்ட எரிபொருள்

உலையிலிருந்து எடுக்கப்படும் எரிபொருள் அளவில் சிறிது. ஆனால் அதன் கதிரியக்கம் பல்லாயிரம் ஆண்டுகள் நீடிக்கும். முதலில் அது சில ஆண்டுகள் நீர்த்தொட்டியில் குளிர்விக்கப்படுகின்றது. கூடங்குளம் வளாகத்திலேயே இதற்கெனத் தனிச் சேமிப்பகம் அமைக்கும் திட்டத்திற்கு 2019-இல் எதிர்ப்பு எழுந்தது. நிலக்கரியின் சாம்பலும் புகையும் கண்ணெதிரே தெரிபவை. இதுவோ பல தலைமுறைகள் காவல் காக்கப்பட வேண்டிய பொருள். அக்காவலுக்கான செலவு இன்றைய மின்கட்டணத்தில் எந்த அளவு சேர்க்கப்பட வேண்டும் என்பதில் வல்லுநர்களிடையே கருத்தொற்றுமை இல்லை.