மின்னஞ்சல் வடிகட்டி மேலாண்மையில் புகுபதிகைச் சிக்கல்கள்

மின்னஞ்சல் வடிகட்டி மேலாண்மையில் புகுபதிகைச் சிக்கல்கள் என்பவை, மின்னஞ்சல் வழங்கியில் (சர்வரில்) கடிதங்களைப் பிரித்து அனுப்பும் விதிகளைப் பார்க்கவோ மாற்றவோ முயலும் பயனரோ நிர்வாகியோ உள்ளே நுழைய முடியாமல் போகும் நிலைகளைக் குறிக்கும். அஞ்சல் பெட்டி வழக்கம்போலத் திறக்கும், கடிதங்கள் வரும், போகும். வடிகட்டிப் பக்கம் மட்டும் திறக்காது. இதுவே இச்சிக்கலின் பரவலான வடிவம். அதனால் இது அவசரமற்ற கோளாறாகக் கருதப்பட்டுத் தள்ளிப்போடப்படுகிறது. பணப் பரிமாற்றத்தை மின்னஞ்சலிலேயே பேசி முடிக்கும் தொழில்களில் அப்படித் தள்ளிப்போடுவது ஆபத்தானது.

தோல் தொழில் வட்டாரமும் மின்னஞ்சலும்

பாலாற்றை ஒட்டிய ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் தமிழ்நாட்டுத் தோல் ஏற்றுமதியின் மையங்கள். முன்பு வேலூர் மாவட்டத்தில் ஒன்றாக இருந்த இவ்வூர்கள் 2019-ல் மாவட்டம் பிரிக்கப்பட்டபின் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்று மாவட்டங்களில் அமைந்துள்ளன. பதனிட்ட தோல், காலணி, காலணி மேற்பாகம், கையுறை முதலியவை இங்கிருந்து ஜெர்மனி, இத்தாலி, பிரிட்டன், அமெரிக்கா போன்ற நாடுகளுக்குச் செல்கின்றன. மாதிரிக்கான ஒப்புதல், விலைப்பட்டியல், கப்பல் ஆவணங்களின் நகல், வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் மின்னஞ்சலில்தான் போய்வருகின்றன. ஜெர்மனி நேரம் இந்திய நேரத்துக்குக் கோடையில் மூன்றரை மணியும் குளிர்காலத்தில் நாலரை மணியும் பின்தங்கியது. ஆகவே அங்குள்ள வாங்குபவர் மாலையில் எழுதும் கடிதம் ஆம்பூர் அலுவலகம் பூட்டிய பிறகே வந்து சேரும். அதை இன்னாருடைய பெட்டியில் போடு, எரிதமாக இருந்தால் ஒதுக்கு, கணக்குப் பிரிவுக்கு ஒரு நகல் அனுப்பு என்று ஆளில்லாத நேரத்தில் முடிவு செய்வது வடிகட்டி விதிகளே.

சீவ், மேனேஜ்சீவ்

கட்டற்ற மென்பொருளில் இயங்கும் பெரும்பாலான அஞ்சல் வழங்கிகளில் இந்த விதிகள் சீவ் என்னும் சிறு மொழியில் எழுதப்படுகின்றன. சீவ் என்றால் சல்லடை. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் சைரசு அஞ்சல் திட்டத்துடன் தொடர்புடைய இம்மொழியின் வரையறை 2001-ல் ஆர்எப்சி 3028 ஆகவும், திருத்தப்பட்டு 2008-ல் ஆர்எப்சி 5228 ஆகவும் வெளிவந்தது. பயனர்கள் எழுதும் விதி வழங்கியையே முடக்கிவிடக் கூடாது என்பதற்காக, சுழற்சிக் கட்டளைகளோ வெளி நிரல்களை இயக்கும் வசதியோ இல்லாமல் இது வடிவமைக்கப்பட்டது.

விதிகளை வழங்கியில் ஏற்றவும் திருத்தவும் உதவும் நெறிமுறை மேனேஜ்சீவ். இது 2010 சூலையில் ஆர்எப்சி 5804 ஆகத் தரப்படுத்தப்பட்டது. இதற்கு ஒதுக்கப்பட்ட போர்ட் எண் 4190. சைரசு வழங்கியிலும் டவ்காட் வழங்கியிலும் இந்த நெறிமுறை கிடைக்கிறது. டவ்காட் என்றால் புறாக்கூடு. அதற்கான சீவ் நீட்சியின் பெயர் பிஜன்ஹோல், அதாவது புறாப்பொந்து.

அஞ்சல் படிக்கும் ஐமேப் சேவை வேறு, மேனேஜ்சீவ் சேவை வேறு. ரவுண்ட்கியூப் போன்ற வலைஅஞ்சல் மென்பொருளில் பயனர் ஒரே முறைதான் கடவுச்சொல் இடுகிறார். ஆனால் அவர் வடிகட்டிப் பக்கத்தைச் சொடுக்கும்போது, ரவுண்ட்கியூப் அதே கடவுச்சொல்லை எடுத்துக்கொண்டு 4190-ஆம் போர்ட்டுக்குத் தனியாக ஓர் இணைப்பை உண்டாக்குகிறது. பெட்டி திறந்தும் வடிகட்டி திறக்காமல் இருப்பதன் காரணம் இதுவே. பயனருக்குத் தெரிவது இணைக்க முடியவில்லை என்ற ஒரே வரிதான். அதைக் கண்டதும் கடவுச்சொல்லை மாற்றுவது பெரும்பாலும் வீண் வேலை. பெட்டி திறந்துவிட்டதென்றால் கடவுச்சொல் சரியானது என்பது ஏற்கெனவே உறுதியாகிவிட்டது.

கதவு எங்கே மூடியிருக்கிறது

ஒரு மேனேஜ்சீவ் புகுபதிகை நான்கு கட்டங்களைக் கடக்கிறது: இணைப்பு, குறியாக்கம், அடையாளச் சரிபார்ப்பு, அனுமதி. எந்தக் கட்டத்தில் நின்றது என்று தெரியாமல் அமைப்புக் கோப்பில் கை வைத்தால் ஒரு கோளாறு இரண்டாகும்.

இணைப்பு உடனே மறுக்கப்பட்டால் அந்தப் போர்ட்டில் எந்தச் சேவையும் இயங்கவில்லை என்று பொருள். டெபியன் இயங்குதளத்தில் டவ்காட்டின் மேனேஜ்சீவ் பகுதி தனிப் பொதியாக இருப்பதால், வழங்கியைப் புதிதாக நிறுவும்போது அது விடுபட்டுப்போவதுண்டு. மறுப்பும் வராமல் நெடுநேரம் காத்திருந்து அறுந்தால் இடையில் தீச்சுவர் தடுக்கிறது எனலாம். 4190 ஒதுக்கப்படுவதற்கு முன் பல வழங்கிகள் 2000-ஆம் போர்ட்டைப் பயன்படுத்தின. சிசுகோ தொலைபேசிகளின் நெறிமுறையும் அதே எண்ணில் இயங்கியதால் மோதல் ஏற்பட்டது. பத்து, பதினைந்து ஆண்டுகளாகத் தொடப்படாத அமைப்புக் கோப்புகளில் அந்தப் பழைய எண் இன்னும் இருக்கக்கூடும்.

குறியாக்கக் கட்டத்தில்தான் நிர்வாகிகள் அதிகம் தடுமாறுகின்றனர். மேனேஜ்சீவ் வழங்கி இணைப்பு கிடைத்தவுடன் தன் திறன்களைப் பட்டியலிடும். எந்தெந்த வழிகளில் அடையாளம் சரிபார்ப்பேன் என்பதைச் சொல்லும் சாசில் என்ற வரியும் அதில் உண்டு. அந்த வரி வெறுமையாக இருந்தால் வழங்கி பழுதாகிவிட்டது என்று நினைக்கத் தேவையில்லை. இணைப்பைக் குறியாக்கம் செய்த பிறகே கடவுச்சொல்லை ஏற்பேன் என்று அது சொல்கிறது. ஆர்எப்சி 5804 இதை வெளிப்படையாகவே அனுமதிக்கிறது. இதில் ஒரு பொறி உள்ளது. ஒரே கணினிக்குள் நடக்கும் இணைப்பைப் பாதுகாப்பானதாக டவ்காட் எடுத்துக்கொள்ளும். அதனால் வலைஅஞ்சலும் அஞ்சல் வழங்கியும் ஒரே கணினியில் இருக்கும்வரை குறியாக்கம் இல்லாமலே எல்லாம் நடக்கும். வலைஅஞ்சலை வேறு கணினிக்கு மாற்றிய அன்றே வடிகட்டிப் பக்கம் நின்றுவிடும். கடவுச்சொல்லும் மாறவில்லை, விதிகளும் மாறவில்லை. குறியாக்கம் இல்லாத இணைப்பு இப்போது வெளியிலிருந்து வருகிறது, அவ்வளவே.

சான்றிதழும் இக்கட்டத்தைச் சேர்ந்தது. 2014-ல் வெளிவந்த பிஎச்பி 5.6 முதல், இணைக்கும் வழங்கியின் சான்றிதழைச் சரிபார்ப்பது இயல்புநிலை ஆனது. நிறுவனத்தின் தளப்பெயருக்கு வாங்கிய சான்றிதழை வைத்துக்கொண்டு லோக்கல்ஓஸ்ட் என்ற பெயரில் இணைத்தால் பெயர் பொருந்தாது, இணைப்பு அறுபடும். லெட்சு என்கிரிப்ட் சான்றிதழ்கள் 90 நாள்களில் காலாவதியாகும். புதிய சான்றிதழ் தானாக வந்திருந்தும், சேவையை மறுஏற்றம் செய்யாததால் வழங்கி பழையதையே காட்டிக்கொண்டிருப்பது அடிக்கடி நேர்வது. ஓப்பன்எஸ்எஸ்எல் கருவியின் புதிய பதிப்புகளால் மேனேஜ்சீவ் வழங்கி காட்டும் சான்றிதழை நேரடியாகப் பார்க்கலாம். சரிபார்ப்பையே அணைத்துவிடும்படி சொல்லும் குறிப்புகளும் இணையத்தில் கிடைக்கின்றன; அவ்வாறு செய்தால் பிழைச் செய்தி போகும், கூடவே பாதுகாப்பும் போகும்.

அடையாளச் சரிபார்ப்பு தோற்றால் முதலில் பார்க்க வேண்டியது பயனர் பெயரின் வடிவம். முழு முகவரியா, அட் குறிக்கு முன்னுள்ள பகுதி மட்டுமா என்பதில் ஐமேப்பும் மேனேஜ்சீவும் வெவ்வேறாக அமைக்கப்பட்டிருக்கலாம். பதனிடும் ஆலைக்கு ஒரு தளப்பெயர், காலணிப் பிரிவுக்கு இன்னொன்று என வைத்திருக்கும் குழுமங்களில் இது எளிதில் நேரும். டவ்காட்டுடன் வரும் டவ்ஆட்ம் கட்டளைக் கருவி, குறிப்பிட்ட பெயரும் கடவுச்சொல்லும் வழங்கியில் செல்லுமா என்று வலைஅஞ்சலைத் தொடாமலே சோதித்துச் சொல்லும். சைரசு வழங்கியில் வேறொரு வகைக் குழப்பம் உண்டு. வழங்கி அறிவிக்கும் வழிகளில் வலுவானதைக் கருவி தானாகத் தேர்ந்தெடுக்கும். அந்த வழிக்கான கடவுச்சொல் தொகுப்பு வெறுமையாக இருந்தால் சரியான கடவுச்சொல்லும் நிராகரிக்கப்படும். பயன்படுத்தாத வழிகளை அறிவிப்பிலிருந்து நீக்குவதே அதற்குத் தீர்வு.

கடைசிக் கட்டமான அனுமதி நிர்வாகிக்கே உரிய சிக்கல். ஊழியர் ஒருவரின் விதியைத் திருத்த அவருடைய கடவுச்சொல்லைக் கேட்டு வாங்குவது பல அலுவலகங்களில் நடக்கும் கெட்ட பழக்கம். அதற்குத் தேவையே இல்லை. டவ்காட்டில் தலைமைப் பயனர் கணக்கு ஒன்றை அமைத்து, பயனர் பெயரையும் தலைமைப் பயனர் பெயரையும் நடுவே உடுக்குறியிட்டுச் சேர்த்து எழுதி, தலைமைக் கடவுச்சொல்லால் நுழையலாம். பிரிப்புக்குறி அமைப்புக் கோப்பில் குறிக்கப்படாவிட்டால் அந்த முழுச் சரமும் ஒரே பெயராகக் கருதப்பட்டு, அப்படிப் பயனர் இல்லை என்ற பதில் வரும். சைரசின் சீவ்செல் கருவியில் அடையாளம் காட்டும் பெயரும் யாருக்காக நுழைவது என்ற பெயரும் இரண்டு தனி விருப்பங்கள். கடவுச்சொல் ஏற்கப்பட்டும் உள்பிழை என்ற செய்தியுடன் டவ்காட் இணைப்பை அறுத்தால், அந்தப் பயனரின் வீட்டு அடைவையோ பயனர் எண்ணையோ அதனால் கண்டறிய முடியவில்லை என்றே பெரும்பாலும் பொருள்.

ஒருவர் பிழை, எல்லோருக்கும் தடை

தொழிற்சாலை அலுவலகங்களில் முப்பது நாற்பது பேர் ஒரே இணைய இணைப்பின் வழியே வெளியே செல்வார்கள். வெளியில் இருக்கும் அஞ்சல் வழங்கிக்கு அவர்கள் எல்லோரும் ஒரே ஐபி முகவரி. தவறான கடவுச்சொல் திரும்பத் திரும்ப வந்தால் அந்த முகவரியையே அடைக்கும் பெயில்டுபேன் போன்ற காவல் மென்பொருளின் இயல்புநிலை கடுமையானது: பத்து நிமிடத்துக்குள் ஐந்து தோல்விகள் வந்தால் பத்து நிமிடத் தடை. ஊழியர் ஒருவர் கடவுச்சொல்லை மாற்றிவிட்டுக் கைபேசியில் மாற்ற மறந்தால், அந்தக் கைபேசி விடாமல் பழைய கடவுச்சொல்லையே அனுப்பும். அலுவலகம் முழுவதும் விட்டுவிட்டு வெளியே தள்ளப்படும். பத்து நிமிடம் வேலை செய்யாமல் பிறகு தானாகச் சரியாவது இதன் அடையாளம். வடிகட்டிப் பக்கம் மட்டுமின்றி எல்லாமே நிற்கிறதா என்று கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும். அலுவலக முகவரிக்கு விலக்கு அளிப்பது தற்காலிக வழி. அந்தக் கைபேசியைக் கண்டுபிடிப்பதே நிலையான வழி.

பதிவுக்கோப்பு சொல்வது

பயனருக்கு ஒரே செய்தியைக் காட்டும் வழங்கி, தன் பதிவுக்கோப்பில் வேறுபடுத்தி எழுதுகிறது. சரிபார்ப்பு முயற்சியே இல்லாமல் துண்டிக்கப்பட்டது என்றிருந்தால் சிக்கல் குறியாக்கத்திலோ சான்றிதழிலோ உள்ளது. கடவுச்சொல் பொருந்தவில்லை, பயனர் தெரியவில்லை ஆகியவை தனித்தனி வரிகள். மேலதிக விவரம் வேண்டுமானால் டவ்காட்டின் சரிபார்ப்புப் பதிவைச் சற்று நேரம் விரிவாக்கலாம். வேலை முடிந்ததும் அதை அணைத்துவிட வேண்டும்.

பதிவுகளை வைத்திருப்பது இந்தியாவில் சட்டக் கடமையும் ஆகும். இந்தியக் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட ஆணை, பதிவுகளை 180 நாள்கள் பாதுகாக்கவும், இணையத் தாக்குதல்களைக் கவனித்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும், கணினிக் கடிகாரங்களை அரசு நேர வழங்கிகளுடன் ஒத்திசைக்கவும் சொல்கிறது. கடிகாரம் புகுபதிகையையும் பாதிக்கும்: கைபேசிச் செயலி தரும் ஆறிலக்கக் குறியீடு பொதுவாக 30 நொடிக்கு ஒருமுறை மாறுவதால், வழங்கியின் கடிகாரம் சில நிமிடங்கள் தவறினாலும் சரியான குறியீடு தவறாகிவிடும்.

மறைந்திருக்கும் விதி

வணிக மின்னஞ்சல் மோசடியில் ஈடுபடுவோர் ஒரு பெட்டிக்குள் நுழைந்ததும் செய்யும் முதல் வேலைகளில் ஒன்று வடிகட்டி விதி எழுதுவது. வங்கி, பணம், விலைப்பட்டியல் போன்ற சொற்கள் உள்ள கடிதங்களின் நகல் வெளி முகவரிக்குப் போகும். அல்லது வாங்குபவரின் எச்சரிக்கைக் கடிதம் யாரும் திறக்காத கோப்புறைக்குள் தள்ளப்படும். பிறகு வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று இத்தாலியிலோ ஜெர்மனியிலோ உள்ள வாங்குபவருக்கு ஒரு கடிதம் போகும். தாக்குதல் உத்திகளை வகைப்படுத்தும் மைட்டர் அட்டாக் பட்டியலில் கடிதங்களை மறைக்கும் விதிகளும் திருப்பி அனுப்பும் விதிகளும் தனித்தனித் தலைப்புகளாகவே உள்ளன.

கடவுச்சொல்லை மாற்றினாலும் இந்த விதி அழியாது. கடிதம் வந்து சேரும் கணத்தில் வழங்கியே அதை இயக்குவதால், யாரும் புகுபதியாத நிலையிலும் அது வேலை செய்துகொண்டிருக்கும். சீவ் மொழியின் நகல் நீட்சியுடன் எழுதப்பட்ட விதியானால் மூலக் கடிதமும் பெட்டியில் இருக்கும். உரியவருக்கு ஐயமே எழாது. இந்த நேரத்தில் வடிகட்டிப் பக்கம் திறக்கவில்லை என்றால், அதைச் சரிசெய்யும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வழங்கியில் மூல அதிகாரம் உள்ள நிர்வாகி, டவ்ஆட்ம் கருவியின் சீவ் கட்டளைகளால் எந்தப் பயனரின் விதிகளையும் பட்டியலிட்டுப் படிக்கலாம், செயலிழக்கச் செய்யலாம். அழிக்கும் முன் ஒரு நகலை எடுத்து வைக்க வேண்டும். கடிதங்கள் எந்த முகவரிக்குப் போயின என்பதற்கான சான்று அதில்தான் இருக்கும். பணம் கைமாறியிருந்தால் 1930 என்ற தேசிய உதவி எண்ணில் உடனே தெரிவிக்க வேண்டும். வாங்குபவரிடம் பழைய தொலைபேசி எண்ணில் பேசிச் சொல்வதும் அவசியம். அவருக்கு மின்னஞ்சலில் எழுதினால் அதையும் அந்த விதியோ மோசடிக்காரரோ கண்காணிக்கக்கூடும்.

வாடகைச் சேவைகளில்

சொந்த வழங்கிக்குப் பதில் மைக்ரோசாப்ட், கூகுள், சோகோ போன்றவற்றின் சேவையை வாங்கியுள்ள நிறுவனங்களில் 4190-ஆம் போர்ட் பற்றிய பேச்சே வராது. விதிகள் அவற்றின் நிர்வாகப் பக்கங்களில் உள்ளன. அங்குள்ள சிக்கல் பெரும்பாலும் பழைய கருவிகளைப் பற்றியது. பெயரும் கடவுச்சொல்லும் மட்டும் அனுப்பும் பழைய முறையை மைக்ரோசாப்ட் தன் எக்சேஞ்சு ஆன்லைன் சேவையில் 2022 அக்டோபர் முதல் நிறுத்தத் தொடங்கியது. அதற்கு முன் எழுதப்பட்டு, நாள்தோறும் விதிகளைச் சரிபார்த்துவந்த நிர்வாக நிரல்கள் இதனால் நின்றிருக்கலாம். அவை நின்றதற்கான அறிவிப்பு யாரும் பார்க்காத கோப்புறைக்குப் போய்க்கொண்டிருக்கவும் கூடும்.